சிஸ்டம் அடிக்கடி சில நொடி ஹேங் ஆகிறதா? ஃபார்மேட் செய்யும் முன் இதைப் பாருங்கள்

வீட்டு டெஸ்க்டாப் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று சில நொடிகள் அப்படியே நிற்கும், அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இப்படி வந்து வந்து போகிற கோளாறுதான் பிடிபடுவது கஷ்டம். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே இருக்கும் நேரம் முழுக்க ஒழுங்காக ஓடும். "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்" என்பார்கள். அவசரப்படாதீர்கள். கீழே வரும் காரணங்களில் பல ஃபார்மேட் செய்தாலும் போகாதவை. என் சிஸ்டத்தைச் சரிசெய்த வரிசையிலேயே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

படி 1: எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள்

எந்த மென்பொருளையும் இறக்குவதற்கு முன், சிஸ்டம் நிற்கும்போது மவுஸ் அம்பைப் பாருங்கள்.

அம்பு நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் பதில் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு மட்டும் கொஞ்ச நேரம் தொடர்கிறது என்றால் பெரும்பாலும் டிஸ்க் பக்கம்தான் சிக்கல். டிஸ்க்கிலிருந்து வரவேண்டியது வராமல் விண்டோஸ் காத்துக்கொண்டிருக்கிறது. அம்பும் சேர்ந்து நின்று, ஸ்பீக்கர் ஒரே ஒலியை 'டர்ர்ர்' என்று இழுத்தால் டிரைவர் (உள்ளிருக்கும் பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) அல்லது மதர்போர்டு பக்கம் தேட வேண்டும். கேம், வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையில் மட்டும், அதுவும் ஆரம்பித்துச் சற்று நேரம் கழித்துத் திக்கினால் முதலில் சூட்டைப் பாருங்கள். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவசக் கருவி பிராசசரின் வெப்பநிலையைக் காட்டும். 95, 100 டிகிரியைத் தொட்டால் தூசியைத் துடைத்து, கூலருக்குப் புது தெர்மல் பேஸ்ட் போடுங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மணியை நிமிடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அது இல்லாமல் முடியாது.

படி 2: ஈவென்ட் வியூவர்

டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'டிஸ்க் 100 சதவீதம்' என்று பார்ப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். டிஸ்க் பிஸியாக இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. இந்த வேலைக்கு எனக்கு ஈவென்ட் வியூவர்தான் பிடிக்கும். விண்டோஸோடு கூடவே வருவது, காசும் இல்லை.

ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்தால் பட்டியலிலேயே இருக்கும். உள்ளே விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். சிவப்பும் மஞ்சளுமாக ஏகப்பட்ட வரிகள் வரும். பயப்பட வேண்டாம், நல்ல கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் இருக்கும். வலப்பக்கம் 'ஃபில்டர் கரன்ட் லாக்' திறந்து, ஈவென்ட் ஐடி கட்டத்தில் 7,11,51,129,153 என்று காற்புள்ளியோடு தட்டுங்கள். வரும் வரிகளின் நேரத்தை நீங்கள் குறித்த மணியோடு ஒப்பிடுங்கள்.

7 என்றால் டிஸ்க்கில் கெட்டுப்போன இடம் இருக்கிறது. 153 என்றால் படிப்பதோ எழுதுவதோ ஒரே முறையில் முடியாமல் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. 129 என்றால் டிஸ்க் பதிலே சொல்லாததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்தது. 11, 51 ஆகியவையும் டிஸ்க் பக்கத்துப் பிழைகள்தான். என் சிஸ்டத்தில் நின்ற நேரங்களில் எல்லாம் 129 வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒரு வரியும் வரவில்லையா? நேரே படி 4-க்குப் போங்கள்.

படி 3: கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, கவனமாக

டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க வேறு கருவிகளும் உண்டு. இதுதான் சின்னது, நேரடியானது. 'ஸ்பீட் பூஸ்டர்', 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' வகையறாக்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். இந்தக் கோளாறுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

நான் அதிக நேரம் மாட்டிக்கொண்டு நின்றது இந்தப் படியில்தான். மேலே நீல நிறத்தில் 'குட்' என்று பெரிதாகக் காட்டியது. டிஸ்க் நல்ல நிலையில் இருந்தது, அது உண்மைதான். ஆனால் கோளாறு டிஸ்க்கில் இல்லையே! கீழே உள்ள அட்டவணையில் சி7 என்ற வரியைப் பாருங்கள். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் தரவு எத்தனை முறை சிதைந்தது என்ற எண்ணிக்கை அது. போனில் "கேட்கலை, திரும்பச் சொல்லுங்க" என்பதுபோல ஒவ்வொரு முறையும் தரவைத் திரும்ப அனுப்ப வேண்டும். அது அளவு மீறும்போதுதான் சிஸ்டம் நிற்கிறது.

இதில் இரண்டு விஷயங்கள் குழப்பும். அந்த எண் பதினாறடிமான முறையில் வரும். அங்கே 1எஃப் என்று இருந்தால் நம் கணக்கில் 31. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றிவிடுங்கள். அடுத்து, சி7 ஒருமுறை ஏறினால் இறங்காது. எப்போதோ வந்து சரியான கோளாறின் எண்ணும் அப்படியே நிற்கும். ஆகவே எண் எவ்வளவு என்பதைவிட, ஏறிக்கொண்டிருக்கிறதா என்பதே முக்கியம். இன்று எழுதி வைத்து, அடுத்தமுறை நின்றபின் மறுபடி பாருங்கள்.

ஏறியிருந்தால் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா டேட்டா கேபிளை மாற்றுங்கள். 100 ரூபாய் அளவில் கிடைக்கும். முனையில் உலோகக் கிளிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அசைவில் கழன்று வராது. சிஸ்டத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திவிட்டுக் கை வையுங்கள். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகடு கேபிளை மடக்கி அழுத்துகிறதா என்றும் பாருங்கள். பவர் இணைப்பையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள். எனக்குக் கேபிள் மாற்றியதும் 129 நின்றது, சி7 ஏறுவதும் நின்றது. எம்.2 வகை என்விஎம்இ எஸ்எஸ்டிக்குக் கேபிளே கிடையாது என்பதால் இந்த வரியும் இருக்காது.

ஹார்ட் டிஸ்க்கில் 05, சி5, சி6 ஆகிய வரிகளில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்தால் கதையே வேறு. முதல் வேலை பேக்கப். போட்டோக்கள், ஆவணங்கள் எல்லாம் வேறு டிஸ்க்குக்குப் போகும்வரை செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கருவி) ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுக்கப் படிக்க வைத்தால் மிச்சமிருப்பதும் போய்விடலாம்.

படி 4: டிஸ்க் இல்லையென்றால்

லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓட்டி, வழக்கமான வேலையைச் செய்துகொண்டே கால் மணி நேரம் விடுங்கள். டிரைவர்ஸ் பக்கத்தில் எந்த டிரைவர் அதிக நேரம் எடுத்தது என்று வரிசைப்படுத்திப் பார்க்கலாம். என்டிஐஎஸ் என்று வந்தால் நெட்வொர்க் அல்லது வைஃபை டிரைவர், என்விஎல் என்று ஆரம்பித்தால் என்விடியா கிராபிக்ஸ் டிரைவர். புதிய டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், "ஈவென்ட் வியூவரில் ஒன்றும் இல்லை, ஆனால் கொஞ்ச நேரம் கழித்து வந்து ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறந்தால் நிற்கிறது" என்றார். அவரிடம் எஸ்எஸ்டியோடு பழைய ஹார்ட் டிஸ்க்கும் உண்டு. பயன்பாடு இல்லாதபோது அது சுழல்வதை நிறுத்திவிடும், தேவைப்படும்போது மறுபடி வேகமெடுக்கச் சில நொடி ஆகும். பவர் ஆப்ஷன்ஸில் 'டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க் ஆஃப்டர்' என்பதை 'நெவர்' ஆக்கினார், சரியாகிவிட்டது.

இன்னொருவருடையது ஏஎம்டியின் ரைசன் பிராசசர். அம்பும் ஒலியும் சேர்ந்து ஓரிரு நொடி நிற்கும், எப்போது என்று சொல்ல முடியாது. சில ரைசன் சிஸ்டங்களில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி, மதர்போர்டின் ஃபிளாஷ் மெமரியோடு நீண்ட நேரம் பரிமாற்றம் செய்வதால் இப்படி ஆகிறது என்று ஏஎம்டி நிறுவனமே 2022 மார்ச்சில் அறிவித்தது. தீர்வு, அஜீசா (பயோஸுக்குள் ஏஎம்டி தரும் பகுதி) 1.2.0.7 அல்லது அதற்குப் பிந்தையது உள்ள பயோஸ், அதாவது மதர்போர்டின் அடிப்படை மென்பொருள். பழைய பயோஸ் உள்ளவர்கள் மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் எடுத்துப் போடலாம். போடும் முன், டிஸ்க்கைப் பூட்டிப் பாதுகாக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் சஸ்பெண்ட் செய்து, 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, அப்புறம் தொடங்குங்கள். ஹோம் பதிப்பில் இதே வசதி 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் செட்டிங்ஸில் இருக்கும்.