ரெயூனியன் மலைப்பாதையில் மண்வெட்டியோடு ஒரு சனிக்கிழமை

காரைக்காலில் எங்கள் வயலுக்கு மடை திறப்பது சின்ன வயதில் என் வேலை. அப்பா வரப்பில் நின்றுகொண்டு "இன்னும் ரெண்டு வெட்டு" என்பார். இரண்டு வெட்டு வெட்டினால் தண்ணீர் எங்கள் பக்கம் திரும்பிவிடும். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தலைநகர் சேன்-தெனியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், மாதத்தில் ஒரு சனிக்கிழமை மலைப்பாதையில் தொண்டு வேலை செய்கிறேன். அங்கே செய்வதும் மடை வேலைதான். வயலுக்குள் தண்ணீரைக் கொண்டுவருவோம், இங்கே பாதையிலிருந்து தண்ணீரை வெளியே அனுப்புகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வேலைக்கு வர விரும்புகிற தமிழர்கள் இங்கே சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், வேறு ஊர்களில் மலைப்பாதைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும், கைப்பழக்கத்தில் கற்றதை எழுதுகிறேன்.

முதலில் பாதையைப் பற்றி. ஜி.ஆர். ஆர்-2 என்பது தீவைக் குறுக்கே கடக்கும் நெடுநடைப் பாதை, சுமார் 130 கிலோமீட்டர். வடக்கே சேன்-தெனியில் தொடங்கி மஃபாத், சிலாவோஸ் பள்ளத்தாக்குகள் வழியாக ஏறி இறங்கி, எரிமலையை ஒட்டிப் போய், தெற்கே சேன்-ஃபிலிப் பக்கம் கடலோரத்தில் முடியும். மஃபாத்துக்குக் கார் போகும் சாலையே கிடையாது. அங்கே குடியிருப்பவர்களுக்கு நடைபாதைதான் தெரு, சாமான்கள் ஹெலிகாப்டரில் வருகின்றன. ஆகவே பாதையைச் சரிசெய்வது சுற்றுலாக்காரர்களுக்கு மட்டும் செய்யும் உபகாரம் என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையும் அதில்தான் நடக்கிறது.

தனியாக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பக் கூடாது. மலைப் பகுதியில் பெரும்பங்கு 2007-இல் அமைந்த தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, 2010 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. காட்டுப் பாதைகளின் கனமான வேலைகளை வனத்துறைத் தொழிலாளர்கள் செய்கிறார்கள்: சரிந்த பாறையை அகற்றுவது, ஏணி கட்டுவது, பாலம் போடுவது. நமக்கு அதில் இடமில்லை, இருக்கவும் கூடாது. ஒரு நடைச் சங்கத்தில் சேருங்கள். எந்தப் பகுதியில், எந்த நாளில், எந்த அளவுக்கு என்பதை அவர்கள் பேசி அனுமதி வாங்கித் தருவார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் அடித்த பிறகு பாதைகள் மூடப்பட்டன. "உதவத்தானே போகிறோம்" என்று நாங்கள் சிலர் துடித்தோம். போகவில்லை. மூடிய பாதையில் நுழைகிற தொண்டர் சரிவில் மாட்டிக்கொண்டால், மீட்புப் படைக்கு இன்னொரு வேலை சேர்கிறது.

எங்கள் குழுவை நடத்துகிறவர் எழுபதைத் தொட்ட பெரியவர். எல்லாரும் தோன்தோன், அதாவது மாமா, என்று கூப்பிடுவோம். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். தமிழ் பேச வராது, பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். ஆனால் மதியச் சாப்பாட்டில் கொண்டுவரும் கீரைக்கு அவர் சொல்லும் பெயர் "ப்ரெத் மூரூங்". முருங்கைக்கீரை! முதல் முறை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம். இந்தத் தீவில் பாதைக்கு எதிரி மழை. 1966 ஜனவரியில் எரிமலைப் பக்கத்தில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்திருக்கிறது. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அப்படிப்பட்ட தண்ணீர் பாதையில் இறங்கினால், பாதையே ஓடையாகிவிடும். மண் கரையும், வேர்கள் எலும்பு மாதிரி துருத்தும், நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்கி நடப்பார்கள், ஓரத்துச் செடிகள் சாகும், பாதை இரண்டாகும், மூன்றாகும். இதைத் தடுப்பது நீர்த்தடை. பாதையின் குறுக்கே சாய்வாகப் பதித்த ஒரு மரக்கட்டை அல்லது கல்வரிசை. இறங்கிவரும் தண்ணீர் அதில் மோதி, பள்ளத்துப் பக்கம் வெளியேறும்.

புதிதாக நீர்த்தடை போடுவது அபூர்வம். இருப்பதைத் துப்புரவு செய்வதுதான் தொண்டர்களின் முக்கால்வாசி வேலை. கட்டைக்கு மேல்புறம் வண்டலும் இலையும் நிரம்பிப் போயிருக்கும். தண்ணீர் அதன்மேல் ஏறித் தாண்டிவிடும். கட்டையின் முழு நீளத்துக்கும் அந்த வண்டலை அள்ளுங்கள். பிறகு வெளிவாய், அதாவது தண்ணீர் பாதையை விட்டு வெளியேறும் வாய்க்கால். இதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். பாதையின் விளிம்போடு நிறுத்தாமல், விளிம்பைத் தாண்டி ஒரு மீட்டராவது, மண்வெட்டி அகலத்துக்கு இரண்டு மடங்காக வெட்டி, சரிவாக இறக்க வேண்டும். வாய் குறுகலாக இருந்தால் ஒரு கொத்து இலை போதும், அடைத்துக்கொள்ளும். அள்ளிய மண்ணை விளிம்பில் குவிக்காதீர்கள், அது வரப்பாகி அடுத்த மழையில் தண்ணீரைப் பாதைக்குள்ளேயே பிடித்து வைக்கும். கல்லும் வேரும் இல்லாத நல்ல மண்ணாக இருந்தால், குழிவிழுந்த படிக்கட்டுகளுக்குப் பின்னால் கொட்டி மிதித்து இறுக்குங்கள்.

புதிதாகப் போடச் சொன்னால், கட்டை பாதைக்கு நேர் குறுக்காக இருக்கக் கூடாது. முப்பதிலிருந்து நாற்பத்தைந்து பாகை சாய்த்து வையுங்கள். நேர்க் குறுக்காக வைத்தால் தண்ணீர் தேங்கி வண்டலைப் போட்டுவிடும். சாய்வாக இருந்தால் ஓட்டத்திலேயே தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். சரிவு செங்குத்தாக ஆக ஆக, நீர்த்தடைகள் நெருக்கமாக வர வேண்டும். கட்டையில் மூன்றில் இரண்டு பங்காவது மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு புயலில் கழன்றுவிடும்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாவது வருஷம், வளைந்து வளைந்து இறங்கும் ஓரிடத்தில், மேல் வளைவில் அருமையாக ஒரு வெளிவாய் வெட்டினேன். அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார் என்று நினைத்தேன். அடுத்த மாதம் போனால், நான் வெட்டிய வெளிவாயிலிருந்து இறங்கிய தண்ணீர் நேராகக் கீழ் வளைவில் விழுந்து, அங்கே முழங்கால் ஆழத்துக்குக் குழி பறித்திருந்தது. மேலே மீட்டதைக் கீழே இழந்துவிட்டேன். அதிலிருந்து வெட்டுவதற்கு முன்னால் கீழே இறங்கி, தண்ணீர் போய்ச் சேரும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு ஏறுவேன். பாறையோ அடர்ந்த செடியோ இருந்தால் நல்லது. பாதை இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

செடி வெட்டுவது சுலபமான பகுதி. முதுகுப்பை மாட்டிய ஒருவர் கையை உயர்த்தி நடக்கும் அளவுக்கு வழி இருந்தால் போதும். கத்தரியால் கிளையை அடியில், தண்டோடு ஒட்டாமல், கணுவுக்கு அருகில் வெட்டுங்கள். நடுவில் வெட்டிவிட்ட குச்சி கண்ணைக் குத்தும். வெட்டியதை வெளிவாயில் போடாமல் பாதைக்குக் கீழே தள்ளிப் போடுங்கள். எது சொந்தம், எது வந்தேறி என்று தெரியாமல் கைவைக்காதீர்கள். இங்கே "மேட்டுப் புளி" என்று பெயர் கொண்ட ஒரு மரம் உண்டு, தமரேன் தே ஓ. புளியமரமே இல்லை, கருவேல் இனம், இந்தத் தீவுக்கே உரியது. அதைத் தொடவே கூடாது. லொங்கோஸ் என்ற மஞ்சள் பூ வேறு வகை. இஞ்சிக் குடும்பம், இமயமலைப் பக்கத்திலிருந்து வந்தது, பார்க்க அழகு. அதன் கிழங்குத் துண்டு விழுந்த இடமெல்லாம் முளைக்கும். அதைப் பிடுங்கும் வேலையைப் பயிற்சி பெற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள், பிடுங்கியதைச் சாக்கில் கட்டித் தூக்கிவர வேண்டியிருக்கும்.

அடுத்தது பாறையிலும் மரத்திலும் வழிகாட்ட வரையும் அடையாளம். வெள்ளையும் சிவப்பும் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பட்டைகள்: ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் உயரம், நடுவில் 1 சென்டிமீட்டர் இடைவெளி. வெள்ளைதான் மேலே. பயிற்சி முடித்தவர்கள் மட்டுமே வரைகிறார்கள், நானும் அதை முடித்த பிறகுதான் தூரிகையைத் தொட்டேன். பாறையில் பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, காய விட்டு, அப்புறம் பெயின்ட். ஈரத்தில் பூசினால் ஒரு மழைக்காலத்தில் உரிந்துவிடும். பிரியும் இடத்தில் ஓர் அடையாளம், பிரிந்து சில அடி தள்ளி "சரியாகத்தான் வருகிறாய்" என்று உறுதி சொல்ல இன்னொன்று, தவறான வழியில் ஒரு பெருக்கல் குறி. ஒரு திசையில் வேலை முடிந்ததும் திரும்பி எதிர்த்திசையில் நடந்து பாருங்கள். மூடுபனி இறங்கும் மலை இது. மாலை மூன்று மணிக்கு வெள்ளைப் பட்டை தெரியாவிட்டால் மனிதன் தடுமாறுவான்.

எப்போது போவது? புயல் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அதனால் வெளிவாய் வேலைக்கு அக்டோபர் முக்கியம், சேதம் பார்க்க மே மாதம். கையுறை கட்டாயம் வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: மழைக்காலச் சேற்றுத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் கீறல் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். வேலைக்குப் பிறகு காய்ச்சலும் தசைவலியும் வந்தால், சேற்றில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மேகம் கறுத்தால் வேலையை விட்டு ஏறிவிடுங்கள். இங்கே மேலே பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் வந்து இறங்கும்.

வீடு திரும்பும் முன் காலணியின் அடியில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டித் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு பள்ளத்தாக்கின் விதை அடுத்ததற்குப் போவது அப்படித்தான். மண்வெட்டியைக் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். விழுந்த மரம், சரிவு, காணாமல்போன அடையாளம் எதுவாக இருந்தாலும் இடத்தைக் குறித்து, படத்துடன் சங்கத்திடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாளைக்கு என்றால் மறந்துபோகும்.

அடுத்த நல்ல மழை விட்டு, பாதை திறந்திருந்தால், அதே இடத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். நான் குடையோடு போய், நான் வெட்டிய வெளிவாயின் பக்கத்தில் குந்தி உட்காருவேன். ஓர் இலை மிதந்து வந்து, கட்டையில் மோதி, திரும்பி, விளிம்பைத் தாண்டி வெளியே போகும். இலை நின்றுவிட்டால், கையில் எப்போதும் மண்வெட்டி இருக்கும். இன்னும் ரெண்டு வெட்டு.