கரிசல் மண் வீட்டில் சோம்பு ஹிஸாப்: விதையிலிருந்து பூ வரைக்கும்

இலையைக் கசக்கினால் சோம்பு வாசம், கிளை நுனியில் ஊதாக் கதிர், விடிந்ததும் கதிரை மொய்க்கிற தேனீ. இதுதான் சோம்பு ஹிஸாப். வட அமெரிக்கச் செடி. துளசிக்கும் புதினாவுக்கும் பங்காளி. ஹிஸாப் என்றே வேறொரு ஐரோப்பிய மூலிகையும் இருக்கு. அதனால விதை வாங்கும்போது பாக்கெட்டில் 'அகஸ்டாகி' என்ற பெயர் இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

நம்ம கோவை, பல்லடம் பக்கம் ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகைக் குளிர் தொடங்கும்போது விதைக்கலாம். சித்திரை வெயில் வருவதற்குள் வேர் நன்றாக இறங்கிவிடும்.

விதை சப்ஜா போலப் பொடிசு. முளைக்க வெளிச்சம் வேணும். முதல் தடவை நான் மேலே அரை விரல்கடை மண் போட்டு மூடிட்டேன். ஒன்றுகூட எட்டிப் பார்க்கலை. ஈரமான மண்மேல் தூவி, உள்ளங்கையால் லேசா அழுத்துங்க, போதும். தண்ணீரைப் புகை மாதிரி தெளியுங்க. ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் முளைக்கும்.

இனி மண். இதில்தான் செடியின் உயிரே இருக்கு. கரிசல் மண் ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும். பருத்திக்கு அது வரம், இதுக்கு எமன். எங்க வாசல் கரிசலில் நேரா நட்ட நாலு செடியும் ஒரே மழையில் வேர் அழுகிப் போச்சு. அப்புறம் தொட்டிக்கு மாறினேன்: செம்மண் இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. தொட்டி 12 அங்குலம் இருக்கட்டும். நடும் முன்னாடி ஒரு சொம்பு தண்ணீர் ஊத்திப் பாருங்க. மேலே குளம் கட்டாமல் அடித்துளையில் உடனே ஒழுகணும். ஒழுகலைன்னா இன்னும் மணல் சேருங்க. தரையில்தான் வைக்கணும்னா ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டி, செடிக்குச் செடி ஒன்றரை அடி விட்டு நடுங்க.

நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிடுங்க. மனசு வராதுதான், ஆனா கிள்ளின இடத்தில் இரண்டு கிளை வரும், கிளைக்கொரு கதிர். காலை வெயில் முழுசா விழணும். பங்குனி, சித்திரையில் மட்டும் உச்சிவெயிலுக்கு ஒரு நிழல் கொடுங்க. விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். உரத்தை அள்ளிப் போட்டால் தழை மதமதன்னு வளர்ந்து தண்டு சாய்ஞ்சிரும்.

கதிர் பழுப்பானதும் அதுக்குக் கீழே இருக்கிற இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டுங்க. அந்தக் கணுவில் அடுத்த கதிர் கிளம்பும். மாதக்கணக்கில் பூ நிற்பது இந்தக் கத்தரியால்தான்.

பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் இலையை மோந்துட்டு, "ஏனுங்கம்மிணி, இதை டீயில போடலாமுங்களா?" என்றார். தாராளமாப் போடலாம், இரண்டு இலை போதும்.

இரண்டு மூன்று வருஷத்தில் செடி தளர்ந்துபோகும். அதனால வருஷாவருஷம் இரண்டு கதிரை வெட்டாமல் முற்ற விட்டு, காய்ந்ததும் காகிதத்தின்மேல் தலைகீழாப் பிடித்துத் தட்டி, விதையை எடுத்து வைங்க.