தொண்ணூறுகளின் பாப் பாட்டு: மெட்டு முதல் மிக்ஸ் வரை

தொண்ணூறுகளின் சவுண்ட் வேண்டும் என்று தேடினால் பிளக்-இன் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) பட்டியல்தான் கிடைக்கும். அதில் பாதி தேவையே இல்லை. அந்தக் காலத்துப் பாப்பின் அடையாளம் பாட்டின் கட்டமைப்பிலும், கோரஸில் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) குரல்களை அடுக்கும் விதத்திலும்தான் பெரும்பாலும் இருக்கிறது. ஆகவே முதலில் பாட்டு, சவுண்ட் அப்புறம்.

பத்து வருஷத்தையும் ஒரே பாட்டில் அடைக்கவும் முடியாது. ஆரம்பத்தில் ஹவுஸ் பியானோ, நடுவில் ஆர் அண்ட் பி ஸ்விங், கடைசியில் ஸ்டாக்ஹோமின் செய்ரான் ஸ்டுடியோவில் தயாரிப்பாளர்கள் டென்னிஸ் பாப்பும் மேக்ஸ் மார்ட்டினும் வார்த்த பாணி என்று மூன்று முகம் உண்டு. இங்கே எடுத்துக்கொள்வது கடைசி வகையை.

1. கட்டமைப்பை முதலில் கணக்குப் போடுங்கள்

வேகம் 100 பிபிஎம் (நிமிஷத்துக்கு 100 அடி), 4/4 தாளம். ஒரு பார், அதாவது நான்கு அடி, 2.4 செகண்ட். இன்ட்ரோ 4 பார், வெர்ஸ் (சரணம்) 16, ப்ரீ-கோரஸ் (கோரஸுக்கு இட்டுச்செல்லும் பகுதி) 4, கோரஸ் 8. கோரஸ் வருவதற்குள் 24 பார், அதாவது 57.6 செகண்ட் ஓடியிருக்கும். ப்ரீ-கோரஸை 8 பாராக நீட்டினால் ஒரு நிமிஷத்தைத் தாண்டிவிடும். கேட்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார். இரண்டாவது சுற்றில் இன்ட்ரோ இல்லாமல் 16+4+8. பிறகு பிரிட்ஜ் (மெட்டு மாறும் இடைப்பகுதி) 8, டிரம்ஸ் இல்லாத இடைவெளி 4, கோரஸ் 8, சுருதி ஏற்றிய கோரஸ் 16. மொத்தம் 96 பார், 3 நிமிஷம் 50 செகண்ட்.

கார்டுகளுக்கு ஏ மைனர், எஃப், சி, ஜி போதும். ப்ரீ-கோரஸில் மட்டும் வரிசையை மாற்றி எஃப், ஜி, ஏ மைனர், ஜி என்று போடுங்கள். அது ஜி-யில் தொங்கி நிற்பதால் அடுத்து வரும் கோரஸ் தானாகவே விழும்.

மெட்டில் ஒரு விதி: வெர்ஸும் கோரஸும் ஒரே இடத்தில் தொடங்கக் கூடாது. வெர்ஸ் வரிகள் முதல் அடிக்குப் பிறகு தொடங்கினால் கோரஸ் நேராக முதல் அடியிலோ அதற்குச் சற்று முன்னாலோ தொடங்கட்டும். கோரஸின் முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் அசை எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் அசை கூடினாலும் மெட்டு நொண்டும். பாட்டின் தலைப்பு கோரஸின் முதல் வரியில் வரட்டும். உச்ச சுரத்தில் ஆ, ஓ போன்ற நெடில் விழும்படி எழுதினால் பாடுபவர் தொண்டையை இறுக்க வேண்டியிருக்காது.

2. சுருதி ஏற்றத்தை இப்போதே முடிவுசெய்யுங்கள்

கடைசி கோரஸ் ஒரு முழுச் சுரம் ஏறும்: சி-யிலிருந்து டி. ஏற்றத்துக்கு முந்தைய பாரில் ஜி-க்குப் பதிலாக ஏ மேஜர் போட்டால் காது புதிய சுருதிக்குத் தயாராகிவிடும். இல்லாவிட்டால் தவறுதலாக ஏதோ பட்டனை அழுத்தியதுபோல் கேட்கும். பாடகரின் உச்சத்தை அந்த ஏற்றிய சுருதியில் சோதித்துவிட்டுத்தான் பாட்டின் ஆரம்பச் சுருதியைத் தீர்மானிக்க வேண்டும். பாடி முடித்த குரலை மென்பொருளில் இரண்டு செமிடோன் தூக்குவது வேண்டாம். குரல் மெலிந்து போகும், ஏற்றத்தில் பாடகர் காட்டும் உழைப்பும் கேட்காது. அந்தப் பகுதியைத் திரும்பப் பாட வைத்துவிடுங்கள்.

3. டிரம்ஸ்

கிக், கிளாப்போடு சேர்த்த ஸ்னேர், 16-ஆம் பங்கு ஹை-ஹேட், ஒரு ஷேக்கர். உயிர் ஸ்விங்கில் (இரண்டாவது அடியைச் சற்றுத் தாமதப்படுத்துவதில்) இருக்கிறது. 100 பிபிஎம்மில் எட்டாம் பங்கு நோட் 300 மில்லி செகண்ட். ஸ்விங் 50% என்றால் அதற்குள் வரும் இரண்டாவது அடி 150-இல் விழும். 58% என்றால் 174-இல், அதாவது 24 மில்லி செகண்ட் தாமதமாக. 1988-இல் வந்த அகாய் எம்பிசி60 சாம்ப்ளர் (ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவி) பிரபலமாக்கிய நடை இதுதான். 54 முதல் 60 வரை வைத்துப் பாருங்கள். ஹேட்டுக்கு மட்டும் ஸ்விங் கொடுத்து பேஸை நேராக விட்டால் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும். பேஸுக்கும் அதே சதவீதம் வேண்டும்.

கரடுமுரடு வேண்டுமா? எஸ்பி-1200 சாம்ப்ளர் 12-பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ், மொத்த நினைவகமே சுமார் 10 செகண்ட். இடம் மிச்சம் பிடிக்க 33 ஆர்பிஎம் இசைத்தட்டை 45-இல் ஓட்டிப் பதிந்து, பிறகு சுருதியை இறக்கினார்கள். நீங்களும் டிரம் லூப்பை நீளம் மாறும்படி 5 செமிடோன் ஏற்றி, 12-பிட், 26 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்து எக்ஸ்போர்ட் செய்து, பின் 5 செமிடோன் இறக்குங்கள். டைம்-ஸ்ட்ரெட்ச் அணைந்திருக்க வேண்டும். இல்லையேல் பலன் இல்லை. இந்த வேலை டிரம்ஸுக்கு மட்டும்.

ஸ்னேருக்குச் சட்டென்று அறுந்து நிற்கும் கேட்டட் ரிவெர்ப் (அறை எதிரொலி) போட்டால் எண்பதுகளுக்குப் போய்விடுவீர்கள். 0.8 முதல் 1.2 செகண்ட் பிளேட் ரிவெர்ப் போதும்.

4. வாத்தியங்கள்

பியானோவுக்கு கோர்க் எம்1 சிந்தசைசர், ஸ்ட்ரிங்ஸ், பெல் வகைகளுக்கு ரோலண்ட் ஜேவி-1080. இரண்டுக்கும் மென்பொருள் வடிவம் உண்டு. நிஜப் பியானோ சாம்பிளைத் தேடி அலையாதீர்கள், அதன் நயம் இங்கே இடைஞ்சல்தான். பேஸ், பியானோ, பேட் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் கார்டு), ஒரு பெல், கோரஸில் மட்டும் ஸ்ட்ரிங்ஸ். ஐந்துக்கு மேல் போனால் குரலுக்கு இடம் இருக்காது.

5. குரல் அடுக்கு

நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். கோரஸுக்கு லீட் (முதன்மைக் குரல்) ஒன்று நடுவில். அதே மெட்டில் இரண்டு டபுள், இடமும் வலமும் 60%. மேல் ஹார்மனி இரண்டு டேக் (ஒருமுறை பாடிய பதிவு), கீழ் ஹார்மனி இரண்டு டேக், முழு இடம், முழு வலம். கடைசியாக, கிசுகிசுப்பாகப் பாடிய இரண்டு டேக். மொத்தம் ஒன்பது.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாட வேண்டும். ஒரே டேக்கைக் காப்பி எடுத்து இருபுறமும் வைத்தால் சத்தம் கூடுமே தவிர அகலம் கூடாது. பின்குரல்களில் வரி முடிவின் ‘ஸ்’, ‘ட்’ ஒலிகளை மென்மையாக விழுங்கிப் பாடச் சொல்லுங்கள். ஒன்பது டேக்கின் ‘ட்’ ஒன்பது நேரத்தில் விழுந்தால் சடசடவென்று கேட்கும். லீட் மட்டும் தெளிவாக உச்சரித்தால் போதும்.

சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருள் வந்ததே 1997-இல்தான். அதற்கு முன் பல டேக் பாடி, வரிவரியாக நல்லதை வெட்டி ஒட்டினார்கள். நீங்களும் அப்படியே செய்து, மீதி இருக்கும் பிசிறை மட்டும் திருத்துங்கள். எல்லா அடுக்கையும் முழு வேகத்தில் டியூன் செய்தால் சின்னச் சின்ன சுருதி வித்தியாசம் அழிந்து, அடுக்கியதன் தடிப்பே போய்விடும்.

லீடுக்கு: 90 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டு, 4:1 கம்ப்ரஷனில் (சத்த ஏற்ற இறக்கத்தை அமுக்குவது) 4 முதல் 6 டிபி குறைப்பு, 6–8 கிலோஹெர்ட்ஸில் டி-எஸ்ஸர் (‘ஸ்’ ஒலியைத் தணிப்பது), அதன் பிறகு 12 கிலோஹெர்ட்ஸில் 2 டிபி ஏற்றம். லீடிலிருந்து ஒரு நகலைத் தனித் தடத்துக்கு அனுப்பி, இடப்பக்கம் +9 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு) சுருதி, 12 மில்லி செகண்ட் தாமதம். வலப்பக்கம் −9 சென்ட், 18 மில்லி செகண்ட். லேசாகக் கலந்தால் போதும், தனியாகக் காதில் விழுந்தால் அதிகம். வரி முடிவுகளில் 300 மில்லி செகண்ட் டிலே.

6. மிக்ஸ்

120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ. மாஸ்டரில் −12 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவோடு நிறுத்துங்கள். இன்றைய பாட்டுகள் அளவுக்கு அமுக்கினால் ஸ்னேரின் அடி தட்டையாகிவிடும். கடைசியாக மோனோவில் ஓட்டிப் பாருங்கள். கோரஸில் லீட் திடீரென்று மங்கினால் அந்த ±9 சென்ட் தடத்தை 3 டிபி இறக்குங்கள், பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.