ஹெட்லைட் மினுக்குகிறதா? ஏற்காடு ஏறுவதற்கு முன் வீட்டு வாசலிலேயே சரிபார்க்கும் முறை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இருட்டிய பிறகு, அதிலும் பனிமூட்டம் இறங்கிவிட்டால், அந்தப் பாதையில் உங்களுக்கு ஹெட்லைட்தான் கண். அது விட்டு விட்டு எரிந்தால் தயவுசெய்து அடிவாரத்தைத் தாண்டாதீர்கள். கோளாறு பெரும்பாலும் சிறியதுதான். ஆனால் பலரும் முதல் வேலையாகப் பல்பை மாற்றிப் பணத்தை வீணாக்குகிறார்கள். எந்த இடத்தில் மின்சாரம் தடைபடுகிறது என்று கண்டுபிடித்த பிறகு கையை வையுங்கள்.

தேவையானவை: 10 எம்எம் ஸ்பேனர், மெல்லிய உப்புத்தாள், கொஞ்சம் வாஸ்லின், கையுறை, ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். கார் வைத்திருப்பவர் வீட்டில் அது இருக்க வேண்டும்.

முதல் படி: ஒரு விளக்கா, இரண்டுமா?

மாலையில் காரைச் சமதளத்தில், சுவரைப் பார்த்தபடி நிறுத்தி ஹெட்லைட்டைப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மினுக்கினால் அந்தப் பக்கத்துப் பல்ப், ஹோல்டர், எர்த் ஒயர் (விளக்கைக் கார் பாடியோடு இணைக்கும் ஒயர்) ஆகியவற்றில் தேடுங்கள். இரண்டும் சேர்ந்து மினுக்கினால் பேட்டரி, ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம்), ரிலே (விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு பெட்டி), சுவிட்ச் என்று பொதுவான பாகங்களுக்குப் போங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது, ஒளி மங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பிரகாசமானால் சந்தேகம் சார்ஜிங் பக்கம் திரும்ப வேண்டும். வளைவில் வேகம் குறையும்போது எஞ்சின் சுழற்சியும் இறங்குகிறது. பனியில் வைப்பரும் ஏசி விசிறியும் ஓடிக்கொண்டிருக்கும். சமவெளியில் தெரியாத பலவீனம் மலையில் தெரிவது இதனால்தான்.

இரண்டாம் படி: பேட்டரி முனைகள்

எஞ்சினை நிறுத்துங்கள். டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் அது லூஸ்தான். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், நெகடிவ் முனையை முதலில் கழற்றி, பிறகு பாசிடிவைக் கழற்றுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். மாட்டும்போது பாசிடிவ் முதலில், நெகடிவ் கடைசியில். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள்.

மூன்றாம் படி: மீட்டர்

மீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியின் பாசிடிவ், நெகடிவ் முனைகளில் வையுங்கள். இரவு முழுக்க ஓடாமல் நின்ற காரின் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட் எரியும் நிலையில், பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை இருக்கும். 13-க்குக் கீழே இறங்கினாலோ, எண் நிலையில்லாமல் ஏறி இறங்கினாலோ ஆல்டர்னேட்டர் பெல்ட், கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் (வோல்ட்டை அளவோடு வைத்திருக்கும் பாகம்) ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பல்புகள் அடுத்தடுத்துப் போகும். இவற்றை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். ஓடும் பெல்ட்டின் அருகே துண்டு, துப்பட்டா, முழுக்கைச் சட்டை எதுவும் தொங்கக் கூடாது.

நான்காம் படி: எர்த்

என் அனுபவத்தில் குற்றவாளி அதிகம் ஒளிந்திருக்கும் இடம் இது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அல்லது பழுப்பு ஒயர் கார் பாடியில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். மழையும் சேறும் பட்டு, அந்த வளையத்துக்கு அடியில் துரு ஒரு மெல்லிய தகடு போலப் படர்ந்துவிடும். வெளியே பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

கழற்றுவதற்கு முன் அளந்துவிடலாம். விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகடிவிலும் மற்றொன்றை அந்த வளையத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் எர்த் மோசம். விளக்கை அணைத்து, போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் பாடியையும் உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப இறுக்குங்கள். மீண்டும் அளந்து உறுதிசெய்யுங்கள்.

ஐந்தாம் படி: ஹோல்டரும் பல்பும்

எஞ்சின் ஓடாமல், விளக்கு எரியும்போது கப்ளரை (பல்பின் பின்னால் ஒயர்கள் செருகும் பிளாஸ்டிக் இணைப்பை) மெதுவாக ஆட்டுங்கள். ஒளி துடித்தால் இடம் கிடைத்துவிட்டது. விளக்கை அணைத்து, பல்ப் ஆறிய பின் பிடுங்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, துளை உருகி அகன்றிருந்தால் தேய்த்துப் பயனில்லை. ஹோல்டரையே மாற்ற வேண்டும்.

இந்த உருகலுக்கு முக்கியக் காரணம் அதிக வாட் பல்ப். பல கார்களில் வரும் எச்4 பல்ப் 60/55 வாட். அதன் ஒயர் ஏறத்தாழ 5 ஆம்பியருக்குத் தயாரானது. 100/90 வாட் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தனி ரிலேயும் தடித்த ஒயரும் இல்லாமல் அதைப் போடவே போடாதீர்கள். பனியில் கூடுதல் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேதான் அடிக்கும். அங்கே லோ பீம்தான் உதவும். ஹாலஜன் இருந்த இடத்தில் எல்இடி மாற்றிய பிறகு மினுக்கல் தொடங்கியிருந்தால், பழைய ஹாலஜனைப் போட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் காரின் மின்னமைப்போடு அந்த எல்இடி ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் அதிகம் சூடேறி, பல்ப் சீக்கிரம் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு விளக்கும் மினுக்கினால், ஃபியூஸ் பெட்டியில் ஹெட்லைட் ரிலேயை அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயோடு மாற்றிச் சோதியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டீயரிங் அருகேயுள்ள டிம்-பிரைட் சுவிட்ச்தான் மிச்சம். அங்கே ஏர்பேக் ஒயரிங் போவதால் நீங்கள் பிரிக்காதீர்கள். மீட்டரில் வந்த எண்களை எழுதிவைத்து எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். அவருக்குத் தேடும் நேரம் மிச்சம், உங்களுக்குக் கூலி மிச்சம்.