பாய்க் கடையின் முகவரியைச் சரிசெய்தேன்

தை பிறந்தால் மணமக்கள் பெயர் நெய்த பாய்களுக்கு ஆர்டர் வரும். பத்தமடையில் எங்கள் சிறிய கடையைத் தேடி வருபவர்களையோ கூகுள் மேப் வேறொரு தெருவில் கொண்டுபோய் நிறுத்தியது. அதில் இருந்த தொலைபேசி எண்ணும் எங்களுடையதன்று. பொங்கல் விடுமுறையில் தறி ஓய்ந்ததும் இந்த வேலையில் உட்கார்ந்தேன்.

கூகுள் மேப்பில் தெரியும் கடை விவரங்களை உரிமையாளரே திருத்த உதவும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடைக்கு உரிமை கோரினேன். தெருவையும் பெயர்ப்பலகையையும் கடையைத் திறப்பதையும் ஒரே வீடியோவாகக் கேட்டது. ஒப்புதல் கிடைத்ததும் மேப்பில் கடையைக் காட்டும் குறியை எங்கள் வாசலுக்கு நகர்த்தி, எண்ணை மாற்றினேன். விடுமுறை நாட்களுக்குத் தனி நேரம் குறிக்கவும் அதில் இடம் உண்டு. பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் வெளியூர்க்காரரை நினைத்தாவது அதை நிரப்பிவிட வேண்டும்.

படங்களுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பழைய படங்களில், கோரையை மெல்லிய இழைகளாகக் கிழித்து நெய்யும் பட்டுப்பாயும் சாதாரணக் கோரைப்பாயும் ஒன்றுபோலத் தெரிந்தன. நெய்தவரின் உழைப்பே காணாமல் போயிருந்தது! காலை வெயில் சாய்வாக விழும் திண்ணையில் பாயை விரித்து, நீளவாக்கில் நெருக்கமாக ஓடும் பாவு நூல் தெரியும்படி அருகிலிருந்து எடுத்தேன். மடித்த பாயைக் கையில் ஏந்திய படத்தையும் சேர்த்தேன். அதன் மென்மையை வேறு எப்படிக் காட்டுவது?

வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில், அதாவது அதிலுள்ள பொருள் பட்டியலில், அளவு, விலை, நெய்ய ஆகும் காலம் எல்லாம் எழுதினேன். இப்போது அழைப்பவர்கள் வழி கேட்பதில்லை. முகூர்த்தத்துக்குள் பாய் கிடைக்குமா என்றே கேட்கிறார்கள்.