108 பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு: முதலில் ஒரு கைக்கடிகாரம் வாங்குங்கள்

நான் 108 ஆம்புலன்சில் ஈஎம்டி, அதாவது மருத்துவ உதவியாளர். புதிதாகத் தேர்வான பிள்ளைகள், அதிலும் விலங்கியல், தாவரவியல் படித்துவிட்டு வருகிறவர்கள், என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, நர்சிங் படிச்சவங்களுக்கு ஈடு கொடுக்க முடியுமா?" முடியும். நர்சிங் படித்தவர்களுக்கு ஊசியும் மருந்தும் பழக்கம். ஆனால் வார்டில் கட்டில் இருக்கும், வெளிச்சம் இருக்கும், கூப்பிட்டால் டாக்டர் வருவார். ராத்திரி நேரத்தில் சாலையோரப் பள்ளத்தில் கிடக்கிறவரைப் பார்ப்பது அவர்களுக்கும் புதிதுதான்.

எழுத்துத் தேர்வு, முதலுதவி, உடற்கூறியல் கேள்விகள், நேர்காணல் எல்லாம் முடிந்தபின் பயிற்சி ஏறத்தாழ 50 நாள். வகுப்பறை, ஆஸ்பத்திரி, பிறகு வண்டி.

வினாடி முள் உள்ள கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு நாடி 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20 என்று மனப்பாடம் செய்துவிடுவீர்கள். மூச்சை எண்ணுவது வேறு வித்தை. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களிடமே பழகலாம்.

சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுப்பது, அதைப் பழகும் பொம்மைதான் உங்களை வியர்க்க வைக்கும். 30 அழுத்தம், 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், 5 செ.மீ. குறையாமல், 6 செ.மீ. தாண்டாமல். முழங்கையை மடக்காமல் தோளின் எடையை இறக்குங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வரவேண்டும். அவசரத்தில் பலரும் விடுவது அதைத்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்.

விபத்துப் பாடத்தில் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது வரிசையை. இடம் பத்திரமா, கையுறை போட்டாயிற்றா, நினைவு இருக்கிறதா, மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம். சலிப்பாக இருக்கும், விடாதீர்கள். கால் உடைந்து கத்துகிறவரிடம்தான் கூட்டம் நம்மை இழுக்கும். கத்துகிறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது என்று அந்தச் சத்தமே சொல்லிவிடுகிறது. சத்தமில்லாமல் கிடக்கிறவரை முதலில் பாருங்கள்.

நம் ஊருக்கு மிகவும் தேவையானவை விஷப் பாடங்கள். பூச்சிமருந்து குடித்தவருக்குச் சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கப் பார்ப்பார்கள்; தடுங்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். மருந்து பட்ட துணியைக் கையுறையோடு கழற்றுங்கள். கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறதா, எச்சில் வழிகிறதா பாருங்கள். பாம்புக்கடி என்றால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசையவிடாமல் கொண்டுபோகவேண்டும். கட்டுவிரியன் கடி பல சமயம் தடமே தெரியாது. தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தால், இமை சரிகிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள்.

ஆஸ்பத்திரி நாட்களில் பிரசவ அறையில்தான் கூடுதல் நேரம் கேட்டு வாங்குங்கள். அங்கே இருக்கும் நர்சம்மாக்களின் கையையே பாருங்கள்: தலை வரும்போது இழுக்கமாட்டார்கள், தாங்குவார்கள். குழந்தையை உடனே துடைத்து, தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்துங்கள். சூடு போகக்கூடாது. தொப்புள்கொடியை இரண்டு கிளாம்புக்கு நடுவே வெட்டவேண்டும்.

வண்டிப் பயிற்சியில் கால்சென்டர் டாக்டரிடம் போனில் பேசப் பழகுங்கள். "ஆண், 55 வயது, அரைமணி நேரமா நெஞ்சுவலி, வியர்வை, பிபி இவ்வளவு, ஆக்சிஜன் இவ்வளவு, சுகர் இருக்கு." இவ்வளவு சொன்னால் அவரால் முடிவெடுக்க முடியும். கதை சொன்னால் நேரம் போகும்.

வேலை 12 மணி நேர ஷிப்ட். பொறுப்பு மாற்றும்போது முந்தையவர் "எல்லாம் இருக்கு" என்றாலும் ஆக்சிஜன் சிலிண்டர் கேஜ், சளி, ரத்தம் உறிஞ்சும் சக்ஷன், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக், பிரசவக் கிட் நான்கையும் நீங்களே தொட்டுப் பார்த்தபிறகு கையெழுத்துப் போடுங்கள்.