கட்டமாக அச்சாகும் தமிழ்: அச்சு சர்வருக்கு எழுத்துருவைக் காட்டிக்கொடுக்கும் முறை

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஆலையில், சிறு விவசாயிகளுக்குத் தரும் பச்சை இலை எடைச்சீட்டைப் புதிய தமிழ் எழுத்துருவில் அச்சிடும்படி கேட்டிருந்தார்கள். என் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த சீட்டு, அச்சு வேலைகளைக் கவனிக்கும் பொதுக் கணினியான சர்வர் வழியாக வந்தபோது வெறும் கட்டங்களாக இருந்தது.

முதலில் அந்தத் தாளைக் கவனியுங்கள். கட்டங்கள் வந்தால், பெரும்பாலும் சர்வருக்கு எழுத்துரு கிடைக்கவில்லை. ‘கோ’ என்பதில் ககரம் முன்னே நிற்க, அதன் இருபுறமும் வரவேண்டிய இரட்டைக்கொம்பும் காலும் பின்னால் சேர்ந்து விழுந்தால், எழுத்துரு கிடைத்திருக்கிறது. எழுத்துகளைக் கோக்கும் திறன்தான் மென்பொருளுக்கு இல்லை. ஆங்கில எழுத்துகளாக வந்தால், தரவு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைக்கும் பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் இருக்கக்கூடும். அதை இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

கட்டம்தான் சிக்கல் என்றால், சீட்டின் எழுத்துருவை விண்டோஸ் 8 முதல் உடன் வரும் ‘நிர்மலா யூஐ’ என்று மாற்றி அச்சிட்டுப் பாருங்கள். தமிழ் சரியாக வந்தால், குறை உங்கள் எழுத்துருவை நிறுவிய விதத்தில் இருக்கிறது.

என் அரை நாளைத் தின்றது இந்த இடம்தான். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல், வெறும் ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் எழுத்துரு உங்கள் பயனர் கணக்குக்குள் மட்டுமே சேரும். அச்சு மென்பொருளோ பின்னணியில் தானாக ஓடும் சர்வீஸாக, ‘லோக்கல் சிஸ்டம்’ என்னும் விண்டோஸின் உள் கணக்கு போன்ற வேறொரு கணக்கில் ஓடுவதால், அந்த எழுத்துரு அதன் கண்ணில் படாது. செட்டிங்ஸின் ஃபான்ட்ஸ் பகுதியில் அந்த எழுத்துருவைத் திறந்து, கோப்பு இருக்கும் பாதையைப் பாருங்கள். அதில் ‘யூசர்ஸ்’ என்று இருந்தால், எழுத்துருவை நீக்கிவிட்டு, சர்வரிலேயே கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுங்கள்.

பிறகு அச்சு மென்பொருளின் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பல மென்பொருள்கள் எழுத்துருப் பட்டியலைத் தொடங்கும்போது மட்டுமே படிக்கின்றன. அப்போதும் வராவிட்டால் பெயரைச் சரிபாருங்கள். கோப்பின் பெயர் வேறு, எழுத்துருவின் பெயர் வேறு. கோப்பை இருமுறை கிளிக் செய்தால் மேலே தெரியும் பெயரையே, இடைவெளி பிசகாமல், சீட்டின் வடிவமைப்பில் எழுத வேண்டும்.

தாளைச் சூடாக்கி அச்சிடும் தெர்மல் பிரிண்டர் என்றால் இன்னொன்றும் உண்டு. அதற்குள் பதிந்திருக்கும் எழுத்துகளில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. ஆகவே, சர்வர் சீட்டைப் படமாக மாற்றி அனுப்பும்படி அமைத்துவிடுங்கள்.

சோதனைக்கு நான் அச்சிடும் வரி இது: கோத்தகிரி, கொடநாடு, கேத்தி, பைக்காரா, குன்னூர். கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம், உகரம் எல்லாம் இந்த ஐந்து ஊர்ப்பெயர்களிலேயே வந்துவிடுகின்றன.